பச்சைச் சாராயமும் என் கட்டைவிரலும்

ஜனவரி 14, செவ்வாய்

காலையில் மூன்று பேருக்கு ஊசி போட்டேன். மூன்றாவது ஆளுக்கு மருந்தைத் தள்ளும்போது கட்டைவிரலின் அடியில் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் குப்புறப் படுத்திருந்ததால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இங்கே ஊசி போடப்படும்" என்ற பலகை முப்பத்தொரு வருடமாக என் வாசலில் தொங்குகிறது. எங்கள் ஏரிக்கரை ஊர் பாட்ஸ்குவாரோவில், இந்தத் தெருவில், என் கையால் குத்துப்படாத இடுப்பு கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் டாக்டரின் கோழிக்கிறுக்கலை நானே படித்துவிடுவேன். இந்த விரல் போனால் நான் யார்? மூலையில் உட்கார்ந்து சூப் குடிக்கிற இன்னொரு கிழவி.

ஜனவரி 16

ஏரிக் காற்று. விரல் மடங்கவில்லை. காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்ததை மருமகள் நெரெய்தா பார்த்துவிட்டாள்.

"நான் வேணா போடட்டுமா அத்தை?"

"உங்கப்பா பண்ணையில மாட்டுக்குப் போட்ட கை அது. இங்க வர்றவங்களுக்கு ரெண்டு காலுதான்டி."

அடுப்படிக்குப் போய்விட்டாள். அதிகமாகப் பேசிவிட்டேனோ? பேசினால் என்ன?

ஜனவரி 19, ஞாயிறு

பூசை முடிந்து தோமாசா வந்தாள் — என் மகனுக்கு ஞானத்தாய், நாற்பது வருடச் சிநேகிதி. சால்வைக்குள்ளிருந்து ஒரு பாட்டில் எடுத்தாள். கரும்புச் சாராயத்தில் கஞ்சா இலை, பச்சையாக ஊறிக் கிடக்கிறது.

"அடிப்பாவி! சிப்பாயும் போக்கிரியும் இழுக்கிறதை என் வீட்டுக்குள்ள கொண்டாந்தியா?"

"உன்னை இழுக்கவா சொன்னேன்? தேய்க்கத்தானேடி சொல்றேன். சாமியாரோட அக்காவே தேய்க்கிறா."

"போதை ஏறுமா?"

"விரலுக்கா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஜனவரி 20

தேய்த்தேன். நாற்றம் தாங்கவில்லை. பாட்டில் கட்டிலடியில்.

ஜனவரி 24

வலி பாதிக்குமேல் குறைந்துவிட்டது. விடிந்ததும் பொத்தான்களை நானே போட்டேன் — ஆறும். தோமாசாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தெருமுழுக்கத் தம்பட்டம்தான்.

ஜனவரி 28

ரொட்டிக்கடை லிப்ராதோவுக்குத் தொண்டையில் சீழ். டாக்டர் பெனிசிலின் எழுதியிருக்கிறார். அது கெட்டி மருந்து. நடுவில் நிறுத்தினால் ஊசியிலேயே அடைத்துக்கொள்ளும். ஒரு மாதமாக அதை மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். இப்போதுதான் வலி இல்லையே! நாளைக்கு வா என்றேன்.

ஜனவரி 29

எழுதவே கை வரவில்லை.

ஊசி உள்ளே போய்விட்டது. தள்ளுகிறேன் — விரல் போகவில்லை. வலி துளிகூட இல்லை. பலமும் இல்லை. எங்கே போச்சு? வலி இருந்திருந்தால் அவனை வரச்சொல்லியே இருக்க மாட்டேனே! லிப்ராதோ கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "எர்லிந்தாக்கா, உள்ளேயே குடித்தனம் பண்றீங்களா?" என்று கத்துகிறான். ஊசி அப்படியே நிக்குது, கடவுளே —

நெரெய்தா ஓடிவந்தாள். என் விரல்மேல் தன் விரலை வைத்து, நிதானமாக, ஒரே தள்ளு. முடிந்தது.

பஞ்சை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜனவரி 30

உட்கார்கிறேன். எழுகிறேன். அடுப்பை இரண்டு தடவை துடைத்தேன். தோமாசாவைக் கூப்பிட்டுத் திட்டினேன்.

"வலிக்குத்தான்டி மருந்து கொடுத்தேன். புது விரலா கொடுத்தேன்?"



பிப்ரவரி 1

கதவைத் தட்டினார்கள். மூன்று தடவை. நான் எழுந்திருக்கவில்லை. நெரெய்தா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். நாலாவது தடவை தட்டியதும், "போய்த் திறயேன், எவ்வளவு நேரம் நிக்கவைப்ப?" என்றேன்.

பிப்ரவரி 6

இந்த வாரம் நெரெய்தா கையால் பதினோரு பேர். ஒருத்தரும் முனகவில்லை. சமையலறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

பிப்ரவரி 10

டாக்டரிடம் போனேன். மூட்டு தேய்ந்துவிட்டதாம், பழைய பலம் வராதாம். பாட்டிலைப் பற்றி மென்று விழுங்கிச் சொன்னேன். "வலி குறைஞ்சா தேயுங்க. புண்ணு மேல வேண்டாம். ஆனா வலி இல்லைங்கிறதுக்காகப் பாரம் தூக்காதீங்க" என்றார். பத்து வைட்டமின் ஊசியும் எழுதினார்.

வேறு யாரிடம் போவது? இத்தனை வருடத்தில் என் வீட்டு ஊசிக் கட்டிலில் நான் படுத்ததே இல்லை. படுத்தேன். பஞ்சு சில்லென்று பட்டது. "மூச்சை விடுங்க அத்தை" என்றாள். விட்டேன். காத்திருந்தேன்.

"எழுந்திரிங்க."

"எப்போடி போட்டே?" என்று கேட்டுவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது. வந்தது வந்ததுதான்.