இரண்டு கொத்து கேட்டு வந்தவள்

கறிவேப்பிலை வெட்டிய கை, சோப்பு போட்டுக் கழுவியும் மணக்கிறது. உனக்கு இதை எழுதாவிட்டால் இன்றைக்குச் சோறு இறங்காது.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் உன் கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு என் வாசலுக்கு நகர்த்தி வைத்தாய். பெயருக்குத்தான் நீ பக்கத்து வீட்டுக்காரி. எனக்கிருந்த ஒரே பேச்சுத்துணை நீதான். சுங்கை பூலோவில் நம் வரிசை வீடுகளில் உன் இலை விழாத குழம்பு ஏது? நான் அதைத் தட்டோரம் ஒதுக்கினால், "வாசத்த மட்டும் வாங்கிக்கிட்டு எலையத் தள்ளுற பாரு, நன்றி கெட்டவளே" என்பாய்.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாமலே போன பிறகு அந்தச் செடியை நான் சாமியாக்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை பொட்டு வைத்தேன், அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினேன், ஓர் இலை கிள்ளவில்லை. என் ரசத்துக்கு செலாயாங் சந்தையிலிருந்து இலை வந்தது. சிரிக்காதே.

எதிர்வீட்டு ஃபரீதா வாசலில் நின்று, "அக்கா, ரெண்டு கொத்து கிடைக்குமா?" என்பாள். "அது போனவ வச்ச செடி. நீ பாசார்ல வாங்கிக்க லா" என்று கதவைக்கூடத் திறக்காமல் சொல்வேன். மறுபடி வந்தாள், மறுபடி விரட்டினேன். பிறகு வரவில்லை. உன் செடியைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

செடியோ குச்சியாக உயர்ந்து, அடியில் மொட்டையாகி, பாதி இலை கறுத்துப்போனது. "உருவ உருவத்தான்டி தழைக்கும்" என்று நீ எத்தனை தரம் சொன்னாய்! இன்று காலை கிளைகளை மொத்தமாக வெட்டிவிட்டேன். நல்ல இலைகளாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு ஃபரீதா வீட்டுக்குப் போனேன்.

அவள் வீட்டுப் பின்பக்கம் உன் செடியைவிடப் பெரிய கறிவேப்பிலை மரம் நிற்கிறது. என் வாய் சும்மா இருக்குமா? "இவ்ளோ வச்சுக்கிட்டு ஏன் என்கிட்ட வந்து கேட்ட?"

அவள் தயங்கினாள். "அவங்கதான்க்கா சொல்லிட்டுப் போனாங்க. 'சும்மா போனா அவ பேச மாட்டா. எலை கேட்டுப் போ. திட்டுறதுக்காவது நாலு வார்த்த பேசுவா'ன்னு."

முகத்தை எங்கே கொண்டு வைப்பது? நான் தனியாகிவிடக் கூடாதென்று நீ சாகப்போகும் நேரத்தில் ஏற்பாடு செய்த துணையை, உன் பெயரைச் சொல்லியே துரத்தியிருக்கிறேன். இந்த வெட்கம் எனக்குப் போகாது, போகவும் வேண்டாம்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "நாளைக்கு வந்து பறிச்சுக்க" என்றேன். செடியில் ஓர் இலைகூட மிச்சமில்லை என்பதை அவளும் தன் வாசலிலிருந்து பார்த்திருப்பாள்.

"வரேன்க்கா" என்றாள்.