ஆஞ்சலாவின் ஆராய்ச்சிக்கு என் ரத்தம்

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று அல்சூரிலிருந்து மெட்ரோ ஏறிப்போய் விஞ்ஞானத்துக்கு ரத்தம் கொடுத்தேன். டிபி கிருமியை ரத்தத்திலேயே பிடிக்கும் ஒரு முறையை அக்கா மகள் ஆஞ்சலா சோதிக்கிறாள். அந்தக் கிருமியை மட்டும் தேடிப்போய் உடைக்கிற ஒரு வைரஸை, எடுத்த ரத்தத்தில் விடுவார்களாம். உடைந்ததும் கிருமியின் டிஎன்ஏவை இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடுமாம். வாரக்கணக்கில் வளர்த்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, நோயே இல்லாத ஆட்களின் ரத்தமும் வேண்டும் என்றாள். கர்நாடகத்திலேயே என்னைவிட ஆரோக்கியன் உண்டா? என் ரத்தத்தின் நிறத்தைப் பார்த்து நர்ஸ் மயங்கி விழுந்திருப்பாள். பாவம், அடக்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஆஞ்சலா போன் எடுக்கவில்லை. என் ரத்தத்தை மியூசியத்தில் வைக்க ஏற்பாடு நடக்கிறது போல.

பிப்ரவரி 16, திங்கள்

வீட்டுக்கே வந்துவிட்டாள். என் ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்கிறதாம் இயந்திரம். மிச்ச ரத்தத்தில் மறுபடி செய்தும் அதே பதில். அவளுடைய கைடு கிருஷ்ணப்பா சார், எங்கோ கலப்படம், உன் முறையே தேறாது என்று சொல்லிவிட்டாராம்.

"டெஸ்ட் தப்புன்னா என் மூணு வருஷ வேலை போச்சு மாமா. சரின்னா..." அழுதாள்.

"சரின்னா எனக்கு டிபி. அவ்ளோதானே? உனக்காக வாங்கிக்கிறேன், விடு."

என் மனைவி ஜோசஃபின் கையிலிருந்த கரண்டி என் மேல் பறக்காதது இந்த நூற்றாண்டின் அதிசயம்.

பிப்ரவரி 18, புதன்

ஸ்கேன் எடுத்தாயிற்று. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை — ஆனாலும்? புள்ள ஜெயிக்கணும். எனக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது. ரெண்டும் எப்படிடா நடக்கும்?

பிப்ரவரி 20, வெள்ளி

நெஞ்சுக்குள் நெறி கட்டியிருக்கிறது. டாக்டர் கணக்கில் புளியங்கொட்டை அளவு. தெருவில் நான் சொன்ன கணக்கில் தேங்காய். ஊசி விட்டு அதிலிருந்து கொஞ்சம் எடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 25, புதன்

ஊசியில் எடுத்ததிலும் டிபிதான்! நெறிக்கட்டியோடு நிற்கிறது, நுரையீரலுக்குப் போகவில்லை, ஆறு மாச மாத்திரையில் தீரும் என்றார் டாக்டர். ஆஞ்சலா போனில் சந்தோஷப்படவே பயந்தாள்.

"கிருஷ்ணப்பா சார் மூஞ்சி எப்டி இருந்துச்சு? அதச் சொல்லு முதல்ல."

ரிப்போர்ட்டை மூன்று தடவை வாங்கிப் பார்த்தாராம். அப்புறம் கன்னடத்தில் மெல்ல, ஆராய்ச்சிக் கட்டுரையை எழுத ஆரம்பி என்றாராம். நான் சோபா மேல் ஏறி நின்று கை தட்டினேன். ஜோசஃபின் இறங்கச் சொன்னாள்.

மார்ச் 2, திங்கள்

முதல் நாள் மாத்திரை. அதன் சாயத்தில் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில், அல்சூர் ஏரியில் சூரியன் உதித்த மாதிரி! உலக அதிசயம் என்று கத்தி ஜோசஃபினை பாத்ரூமுக்கு வரவழைத்தேன். எட்டிப் பார்த்தாள்.

"ஆறு மாசமும் இதை எனக்குக் காட்டுவீங்களா?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஒரு நாள் விடாமல் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.