ஒன்றரைக் கிலோ மகள்

நெஸ்தோர்,

பிரஷர் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போறேன். பக்கத்து வீட்டு பாசிங் அக்கா பிள்ளையை வச்சிருக்காங்க. வேலை முடிஞ்சு வந்ததும் குளிச்சிட்டு, சட்டை போடாம, அவளை உன் நெஞ்சோட சேத்துத் துணியால கட்டிக்கோ. அந்தச் சூட்டுலதான் ஒன்றரைக் கிலோ ரெண்டாகணும். கோழி அடோபோ சட்டியில இருக்கு, ஒத்தைக் கையால சாப்பிடு.

அக்கா கிளம்புறப்போ, கண்ணு பட்டுடும்னு எச்சில் தொட்டு அவ வயித்துல தடவ வருவாங்க. குறைமாசப் பிள்ளைக்கு அது ஆகாது. சண்டை போடாத. உன் தொப்பையைக் காட்டு, அதுல தடவட்டும்.

நேத்து நான் கத்துனது தப்புதான். ஆனா, “உடைஞ்சிடுவா, தொடமாட்டேன்”னு நீ சொல்லலாமா?

லிகாயா

இன்னொண்ணு: பிரசவம் முடிஞ்சு நான் நினைவில்லாம கிடந்த நாலு நாளும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள விரலை நீட்டி அவளைத் தொட்டுக்கிட்டே இருந்தது நீதானாமே, நர்ஸ் சொன்னா. அப்ப உடைஞ்சாளா?