ஒற்றைப் பிளேட்டு ஷூ

டிச. 3, புதன்

காலையில் பனி. கோட்டை மலை பாதிதான் தெரிந்தது. மைதானத்தில் எட்டுச் சுற்று என்று கிளம்பி மூன்றோடு நிறுத்தினேன். காரணத்தை எழுதக் கூச்சம். எழுதாவிட்டாலும் மைதானம் முழுக்கத் தெரியும், எழுதிவிடுகிறேன்.

பாங்க் குமரேசன் புது ஷூ போட்டு வந்திருந்தார். உள்ளே கார்பன் பிளேட்டாம். கையில் வாங்கிப் பார்த்தேன், காலி முட்டை அட்டை கனம்தான். "போட்டுத்தான் பாருங்களேன், நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்" என்றார். போட்டேன். நிற்கும்போதே மெத்தை மேல் நிற்பது மாதிரி. இரண்டு எட்டு வைத்ததும் பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள். யாரென்று திரும்பினேன். யாருமில்லை, ஷூதான். திரும்பியதுதான் தப்பு. கால் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீளம் தாண்டும் மணல் குழியில் போய் உட்கார்ந்தேன்.

நடக்க வரும் பெண்கள் நாலு பேர் சரியாக அந்த நேரம் பார்த்து அங்கே.

"ஏனுங்ணா, இந்த வயசுல லாங் ஜம்ப்புங்களா?"

"இருங்க, அளந்து சொல்றோம்."

மணல் என்பதால் அடி இல்லை. மானம் மட்டும் கொஞ்சம் சிராய்ப்பு. ஆனால் நித்யா சிரிக்கவில்லை. அதுதான் இடிக்கிறது. நான் தடுக்கினாலே முதலில் சிரிப்பது என் மகள்தான். இன்று என்னைப் பார்க்கவே இல்லை. என் காலில் இருந்த ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் கேட்டேன். ஆமாம், அது மாதிரி ஒன்று வாங்கப் போகிறாளாம். மாதக் கடைசி ஞாயிறு சேலத்தில் ஓட்டம். இருபத்தொரு கிலோமீட்டர். பேர் கொடுத்தாயிற்று.

போன வருடம் இதே ஓட்டத்தில்தான், டிரம்மைச் சுற்றித் திரும்புகிற இடத்தில், இடது கணுக்கால் மடங்கி விழுந்தாள். ஆறு வாரம் கட்டு. இன்னொரு தடவை மடங்கினால் ஆபரேசன்தான் என்றார் டாக்டர். எனக்கு நினைவிருக்கிறது. அவளுக்கு இல்லையா?

டிச. 4, வியாழன்

வெயில் சுள்ளென்று. பட்டறையில் இரண்டு லாரி, இரண்டுக்கும் பின் ஸ்பிரிங். ஒன்றில் மெயின் பிளேட்டு, அடுக்கில் மேல் பட்டை, இரண்டாகப் போயிருந்தது. டிரைவர் வழக்கம்போல "லோடு ஒன்னும் அதிகமில்லீங்க" என்றார். முப்பது வருடமாக லாரிக்கு ஸ்பிரிங் கட்டுகிறேன். லோடு அதிகம் என்று சொன்ன டிரைவர் இன்னும் பிறக்கவில்லை.

டீ நேரத்தில் பழனியிடம் ஷூ விஷயத்தைச் சொன்னேன். என்னோடு இருபது வருடமாகச் சம்மட்டி பிடிப்பவன்.

"எத்தனை பிளேட்டுங்க?"

"ஒன்னுதானாம்."

"ஒத்தப் பிளேட்டா! நம்ம வண்டிக்குப் பத்து வெச்சே படுத்துக்குது. அப்புறம் கார்பன்னா என்னுங்க, எஞ்சினுக்குள்ள படியுமே, அந்தக் கரிதான?"

"அதேதான்னு நினைக்கறேன்."

"அதைச் சுரண்டி எடுக்கத்தான் மெக்கானிக்கைத் தேடிப் போறாங்க. இவங்க காசு குடுத்து உள்ள வெச்சுக்கறாங்களா?"

நித்யாவிடம் இதைச் சொன்னேன். அந்தக் கரி வேறு, இந்த இழை வேறு, விமானத்துக்கெல்லாம் போடுகிறார்கள் என்றாள். விமானம் திருப்பத்தில் டிரம்மைச் சுற்றி ஓடுகிறதா என்று கேட்டேன். போனைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். வென்றதாக எடுத்துக்கொண்டேன்.

தைலம் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும். இடது இடுப்பு. மணல் குழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

டிச. 5, வெள்ளி

போனில் ஷூ வீடியோ பதினொன்று பார்த்தேன். பதினொரு பேருமே ஒல்லி. பதினொரு பேருமே அந்த ஷூவை "என் வாழ்க்கையில் இப்படி ஒன்று" என்கிறார்கள். அடுத்த மாதம் வேறு ஷூவுக்கும் அதே வாழ்க்கை. எல்லாரும் பறக்கிற ஆட்கள். நம்மைப் போலச் சாதாரணமாக ஓடுகிறவன் கால் வைத்தால் என்ன ஆகும் என்று ஒருத்தன் சொல்லவில்லை. ஷூ நிறங்களைப் பார்த்தால் தீபாவளிக்கு மீந்த பலகாரம் மாதிரி இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டில் நித்யா ஒரு குண்டைப் போட்டாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை சேலம் போலாம். நீங்களே பாருங்க. நிக்குதுன்னு நீங்க சொல்ற ஷூவைத்தான் வாங்குவேன். எதுவுமே நிக்கலைன்னா பேரை எடுத்துக்கறேன்."

"ஓடமாட்டியா?"

"இந்த வருசம் ஓடல."

"நெசமா?"

"நெசமாப்பா."

வேலை சுலபம். போகிறேன், எடுக்கிறேன், உதட்டைப் பிதுக்குகிறேன், பஸ் ஏறுகிறேன். ஆனால் இவ்வளவு சுலபமாக ஏன் என் கையில் கொடுத்தாள்? சந்தேகமாக இருக்கிறது. இருபத்தாறு வயதுப் பெண், தன் சம்பளம், தன் கால். எந்தச் சட்டை போட வேண்டும் என்றுகூட என்னைக் கேட்டதில்லை.

சரசு ரசம் ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்க ஷூ பாக்கப் போறீங்களா, சாக்குப் பாக்கப் போறீங்களா?"

கட்டிக்கொண்டு வந்து இருபத்தெட்டு வருடம். இவளிடம் எதையும் மறைக்க முடிந்ததில்லை.

டிச. 6, சனி

தூறல். பட்டறை அரை நாள்.

நித்யாவின் பழைய ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தேன். வலது காலில் தேய்மானம் சீராக இருக்கிறது. இடது காலில் குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் மழமழவென்று. லாரி டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வந்தால் நான் டயரைத் திட்டமாட்டேன், அச்சைப் பார்ப்பேன். இங்கே அச்சு என் மகளுடைய கணுக்கால். வெளிப்பக்கமாக மடங்கத் தயாராக இருக்கிறது. அதை எவ்வளவு உயரமான அடிமேல் நிறுத்துகிறோமோ அவ்வளவு வேகமாக மடங்கும். பத்தாவது படித்தவனுக்கே இது புரிகிறது.

நாளைக்குப் பார்க்க வேண்டியவை:
அடி அகலம், குதியிலும் நடுவிலும்
உயரம்
அடிப் பஞ்சு, இரண்டு ஓரமும் ஒரே மாதிரி அமுங்குகிறதா
குதியைப் பிடிக்கிற கிண்ணம், நசுங்குகிறதா
ஒற்றைக் காலில் நிற்கவிட வேண்டும்
பிளேட்டு எங்கே இருக்கிறது, யார் பார்த்தது?

ஸ்டீல் ஸ்கேலும் டேப்பும் எடுத்துப் பையில் வைத்தேன். சரசு வாங்கிவரச் சொன்னது: தேங்காய் எண்ணெய், சீப்பு (பெரிய பல்).

டிச. 7, ஞாயிறு

சேலம். ராசிபுரம் வரை நின்றுகொண்டே. நித்யாவுக்கு இடம் கிடைத்தது, "உக்காருங்கப்பா" என்றாள், மறுத்தேன். இடுப்பு வலிக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஐந்து ரோடு பக்கம் கடை. கடைக்காரர் நாற்பது வயது இருக்கும், முட்டியில் பட்டை போட்டிருந்தார். ஓடுகிற ஷூ விற்பவர் முட்டியில் எதற்குப் பட்டை? நேராகவே கேட்டுவிட்டேன்.

"பைக்ல விழுந்ததுங்ணா."

நம்பவில்லை. சரி, ஷூவை எடுங்க என்றேன்.

முதல் ஷூ. கண்ணாடி மேசையில் வைத்து, குனிந்து, பின்னாலிருந்து பார்த்தேன். லாரியையும் இப்படித்தான் பார்ப்பேன், பின்னால் போய்ச் சக்கர மட்டத்துக்குக் குனிந்து. ஷூ வைக்கோல் ஏற்றின வண்டி மாதிரி நின்றது. மேலே அகலம், கீழே சுருக்கம். ஒற்றை விரலால் பக்கவாட்டில் தள்ளினேன். சாய்ந்தது. ஸ்கேலை வைத்தேன்.

"அப்பா, அதை உள்ள வைங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். டிரம்முகிட்ட வந்து இவங்களா புடிக்கப் போறாங்க?"

ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். நித்யா முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. போன வருடத்தைப் பற்றி இருவரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

கடைக்காரர் இதைக் கேட்டார். சட்டென்று முதல் ஷூவை அவரே பெட்டிக்குள் போட்டுவிட்டார். "கால் மடங்கினவங்களுக்கு இது வேண்டாமுங்க. இது வேகமா ஓடறவங்களுக்கு. அவங்க கால் தரையில பட்டதும் எடுத்துருவாங்க. நாம மெதுவா ஓடறவங்க, கால் அதிக நேரம் நிக்கும். நிக்கற நேரம் அதிகமானா ஆட்டமும் அதிகம்."

பதினொரு வீடியோவில் ஒருத்தன் சொல்லாததை இவர் சொன்னார். கூடுதலாகச் சந்தேகம் வந்தது. விற்கிறவன் எதற்கு விற்காமல் இருக்கச் சொல்கிறான்?

இரண்டாவது. குதி அகலம் சரி. கவிழ்த்தால் நடுவில் பள்ளமாகச் செதுக்கியிருக்கிறது, கனம் குறைக்கவாம். நித்யாவை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். இடது கால். பத்து எண்ணுவதற்குள் கணுக்கால் தந்தி அடித்தது. "வேண்டாம்" என்றேன். மனசுக்குள் இரண்டு போச்சு என்று ஒரு குஷி.

மூன்றாவது. தக்காளிச் சட்னி நிறம். உயரம் முதலாவதைவிட ஒரு விரல்கடை குறைவு. அடி, குதியிலிருந்து முன்வரை ஒரே அகலமாக வருகிறது. இரண்டு ஓரத்திலும் பஞ்சு கெட்டி, நடுவில்தான் மெத்து. பாதம் மேலே உட்காராமல் தொட்டிக்குள் உட்காருவது மாதிரி உள்ளே இறங்குகிறது. குதிக் கிண்ணத்தைக் கட்டை விரலால் நசுக்கினேன், என் விரல்தான் வலித்தது. நெம்பிப் பார்த்தேன், முறுக்கிப் பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். ஒற்றைக் காலில் நின்றாள். இருபது எண்ணினேன். முப்பது எண்ணினேன்.

"அப்பா, போதுமா?"

நாற்பது வரை எண்ணினேன்.

"பிளேட்டு உள்ள இருக்குன்னு எப்புடி நம்பறது?" என்றேன்.

"வளைச்சுப் பாருங்ணா, வளையாது." வளையவில்லை.

ஒரு குற்றம்கூடக் கிடைக்கவில்லை. நித்யா என் முகத்தையே பார்த்தாள். கடைக்காரரும் பார்த்தார். எனக்கு வேர்த்தது.

"திரும்பும்போது பாக்கோணும்" என்றேன். அடியில் அழுக்குப் படாமல் இருந்தால் மூன்று நாளில் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னதும் வாங்கினோம். தினமும் போட்டு ஓடக் கூடாது, முன்னாடி ஒன்றிரண்டு தடவை, அப்புறம் ஓட்டத்தன்றைக்கு, அவ்வளவுதான், பஞ்சு சீக்கிரம் செத்துவிடும் என்றும் சொன்னார். ஒரு ஆள் தன் சரக்கைப் பற்றி இவ்வளவு உண்மை பேசினால் எப்படித்தான் சந்தேகப்படுவது?

வெளியே வந்து தட்டுவடை செட் சாப்பிட்டோம். நித்யா கார சட்னி அதிகம் கேட்டாள். பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாள்.

சீப்பு மறந்துவிட்டது.

டிச. 8, திங்கள்

சீப்புக்காகக் காலையிலேயே திட்டு.

நித்யா ஆபீஸ் போன பிறகு பெட்டியைத் திறந்தேன். வெளிச்சத்தில் வைத்து ஒரு மணி நேரம். கிடைத்தது! இடது ஷூவில், நாக்குப் பக்கம், ஒரு நூல் பிரிந்து நிற்கிறது. இது போதும். "தையல் சரியில்லை, பிரிஞ்சா கால் உள்ள ஆடும், திருப்பிக் குடுத்துரு கண்ணு." வசனம்கூடத் தயார் செய்துவிட்டேன். ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

சரசு அடுப்படியிலிருந்து, "யார்கிட்டப் பேசறீங்க?"

"போன்ல."

போன் அவள் கையில்தான் இருந்தது.

அப்புறம் ஒரு நினைப்பு. கட்டுப் பிரித்த மறுநாள் நித்யா மாடிப்படி இறங்கியது. கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்க வேண்டும் என்று, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக. நான் கீழே நின்றுகொண்டு, பேப்பர் படிப்பது மாதிரி.

நூலைப் பிளேடால் நறுக்கிவிட்டேன். முனையைச் சூடு காட்டி ஒட்டியும் வைத்தேன். எதற்குச் செய்தேன் தெரியவில்லை. வேறு குற்றம் தேட வேண்டும்.

பட்டறையில் பழனி: "ஷூ என்னாச்சுங்க?"

"சோதனையில இருக்குது."

"நீங்களா, ஷூவா?"

இவனுக்கு வாய் அதிகமாகிவிட்டது.

டிச. 9, செவ்வாய்

நல்ல குளிர். ஆறு மணிக்கெல்லாம் பட்டறை. லாரி எதுவும் வருவதற்கு முன்னால் சிமெண்ட் தரையை இரண்டு தடவை கூட்டினேன், ஈரத்துணி போட்டேன், காயவிட்டேன். பழனி சொல்லாமலே வந்து நின்றான். காலி கிரீஸ் டிரம்மை உருட்டி முற்றத்துக் கோடியில் நிறுத்தினோம். நித்யா அதைப் பார்த்தாள். ஷூவைப் போட்டாள். லேஸை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாள்.

"கண்ணு, மெதுவாவே போ."

"மெதுவாப் போனா தெரியாதுப்பா. ஓட்டத்துல எப்புடித் திரும்புவனோ அப்புடியே திரும்பறேன். நீங்க பின்னாடி இருந்து பாருங்க."

தரையில் குப்புறப் படுத்தேன். கன்னம் சிமெண்டில். இடுப்பு கத்தியது. இங்கிருந்து பார்த்தால் அரை விரல் சாய்ந்தாலும் தெரியும். முப்பது வருடக் கண். நேராகப் போகும்போது பார்த்தேன்: இடது குதி விழுகிறது, நிற்கிறது, எழுகிறது. ஆட்டமே இல்லை. டிரம் நெருங்கியது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. இடது காலை ஊன்றப் போனாள்.

அடி விழும் சத்தம். அடுத்த அடி. அதற்கடுத்தது. சீராக. பழனி கை தட்டினான்.

திரும்பி வந்து என் முன்னால் குனிந்தாள். மூச்சு வாங்குகிறது. முகமெல்லாம் சிவந்து, சிரிப்பு வரலாமா வேண்டாமா என்று நிற்கிறது.

"வெளிய சாஞ்சுதாப்பா?"

"இல்ல சாமி."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நின்னுச்சு. வெச்சுக்க."

எழுந்திருக்கக் கை கொடுத்தாள். முழங்கை சிராய்ப்பு. தைலம் இன்னும் வாங்கவில்லை.

அவள் அந்தக் காலை ஊன்றின நேரம் நான் கண்ணை இறுக்கி மூடியிருந்தேன் என்று சொல்லவில்லை.