பெட்டியின் மஞ்சள் விளக்கு

மரக்காணம்
21.8.2005

மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டுக்காரர் மரியதாஸ் அவர்களுக்கு, உங்கள் சகாயசெல்வி நிறைய ஆசையோடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதும் கடிதம். நானும் கீதாஞ்சலியும் நலம். அங்கே வெயில் எப்படி என்று கேட்கமாட்டேன். நம் உப்பளத்து வெயிலிடம் உங்கள் மஸ்கட் பிச்சை வாங்க வேண்டும்.

கோபம் எதற்கென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் எலக்ட்ரீஷியனுக்கு வேலை இல்லை, அதனால் செப்டம்பர் கடைசியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கம்பெனியில் கையெழுத்துப் போடப் போகிறேன் என்று நாலே வரியில் எழுதிவிட்டீர்கள். என்னால் நாலு வரியில் பதில் எழுத முடியாது. உப்புப் பாக்கெட் போடும் எங்கள் கொட்டகையில் நடந்ததை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு தொண்டு நிறுவனம் சோலார் இன்வெர்ட்டர் கொடுத்ததை எழுதியிருந்தேன் அல்லவா? கூரைமேல் சோலார் பலகைகள், கீழே பேட்டரி, நடுவில் பெட்டி. பெட்டிக்கு ஈபி லைனும் உண்டு. உப்பு அரைக்கிற மெஷின் ஒன்றும் பாக்கெட் ஒட்டுகிற மெஷின் இரண்டும் அதில்தான் ஓடுகின்றன. கரண்ட் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. கரண்ட் போன அடுத்த நொடி பெட்டி கீ கீ என்று கத்திவிட்டு அடங்கிவிடும். கரண்ட் போனால் உதவத்தானே அதை வைத்தார்கள்!

வானூரிலிருந்து மெக்கானிக் அர்ச்சுனன் இரண்டு தடவை வந்து பார்த்தார். "பேட்டரி நல்லாத்தான் இருக்குது. இந்த உப்புக் காத்துக்குப் பொட்டி ஒத்து வரல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தொண்டு நிறுவனத்தின் அதிகாரி மலர்கொடி மேடம், புதன்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகவும், அன்றும் நின்றுபோனால் பெட்டியை வேறு ஊருக்கு எடுத்துப்போவதாகவும் சொல்லி அனுப்பினார். தினமும் மூன்று மணி நேரம் கரண்ட் போகிற ஊரில் பெட்டியும் போனால், நாங்கள் பதினோரு பேரும் மறுபடி முழு நாளும் உப்புப் பாத்தியில்தான் நிற்க வேண்டும்.

ஒரு நாள் முழுக்கப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தலைவி சவரியம்மாள் அக்காவை உங்களுக்குத் தெரியுமே. பாத்தியில் அவர் குரல் கொடுத்தால்தான் நாங்கள் உப்பு வாரத் தொடங்குவோம். முன்னால் தொடங்கினால் முதலாளிக்குக் காக்கா பிடிக்கிறவள், பின்னால் தொடங்கினால் சோம்பேறி. அதே வழக்கத்தைக் கொட்டகைக்கும் கொண்டுவந்துவிட்டோம். "ம், ஆரம்பிங்கடி" என்று அக்கா சொன்னதும் மூன்று மெஷினையும் ஒரே நேரத்தில் போடுவோம். அப்போதெல்லாம் பெட்டியில் ஒரு மஞ்சள் விளக்கு துடிப்பதைக் கவனித்தேன். மெஷின்தான் ஓடுகிறதே என்று அதுவரை யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பெட்டியில் ஆயிரம் வாட் என்று எழுதியிருந்தது. மூன்று மெஷின்களின் முதுகில் இருந்ததைக் கூட்டினால் ஆயிரத்து நானூறு வந்தது. போதாததற்கு, மோட்டார் கிளம்பும்போது மூன்று மடங்கு இழுக்கும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கரண்ட் இருக்கும்போது தன்னால் முடியாத பாரத்தைப் பெட்டி ஈபி லைன்மேல் தள்ளிவிடுகிறது. கரண்ட் போனதும் மொத்தமும் அதன் தலையில் விழுகிறது. இரண்டு பேர் அண்டா தூக்கும்போது ஒருத்தி கையை எடுத்துவிட்ட மாதிரிதான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அது கத்திவிட்டு நிற்கிறது. குற்றம் பெட்டியில் இல்லை, எங்கள் ஒற்றுமையில் இருந்தது!

அக்காவிடம் சொன்னால் சண்டைக்கு வந்தார். "எவ முன்னாடி, எவ பின்னாடின்னு வச்சா நாளைக்கே குழு ஒடஞ்சிடும்டி" என்றார். எங்கள் குழுவில் இருக்கும் சாலம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். யார் முதலில் என்று தினமும் சீட்டுக் குலுக்குவது, அரைக்கிற மெஷினைக் கரண்ட் இருக்கும்போது மட்டும் ஓட்டுவது. அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

புதன்கிழமை மேடம் வந்தார். அர்ச்சுனன் பெட்டியைக் கழற்ற ஸ்பேனரோடு வந்தார். அன்றைக்கென்று கரண்ட் போகவே இல்லை! பொறுத்துப் பார்த்துவிட்டு நானே மெயினை இறக்கினேன். பழக்கதோஷத்தில் அக்கா "ஆரம்பிங்கடி" என்று ஒரு சத்தம் போட்டார். எல்லார் கையும் சுவிட்சுக்குப் பறந்தது. நான் பாய்ந்துபோய் அரைக்கிற மெஷின் சுவிட்சுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். ஒட்டுகிற மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. பெட்டி கத்தவில்லை. மஞ்சள் விளக்குகூட எரியவில்லை. ஒரு மணி நேரம் பாக்கெட் விழுந்துகொண்டே இருந்தது. அக்கா பெருமையில் என் கன்னத்தைக் கிள்ளியது இன்னும் வலிக்கிறது.

இனிதான் விஷயம். கடலோரத்தில் இன்னும் நாலு ஊர்களில் இதே பெட்டி இதே மாதிரி கத்துகிறதாம். மேடத்துக்கு இரண்டு பேர் வேண்டும். மெஷின்களைப் பார்த்துப் பெண்களுக்குச் சொல்லித்தர ஒருவர், லைனைப் பிரித்து மாட்டவும் கூரையேறி உப்புப் படிந்த பலகைகளைத் துடைக்கவும் ஒருவர். மஸ்கட் சம்பளம் இல்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் மாதா மாதம் வரும். மேடம் நீட்டிய படிவத்தின் முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன். இரண்டாவது வரியில் தன் பெயரைப் போடலாமா என்று அர்ச்சுனன் கேட்டார். "அதுக்கு ஆள் இருக்காருங்க" என்றேன். செப்டம்பர் இருபதுவரை பொறுப்பதாக மேடம் சொல்லியிருக்கிறார்.

"எங்க அப்பா ஃபோனுக்குள்ளதான் இருக்காரு" என்று நம் கீதாஞ்சலி பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்கிறாள். கேட்டுச் சிரித்தேன். உள்ளே வந்து அழுதேன்.

இருபத்தொன்பதாம் தேதி மாதா கோயிலில் கொடியேற்றம். உங்கள் வலது கைக்கென்று தனியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். ஆரோக்கிய மாதா அந்தக் கையை ஷாக்கிலிருந்தும் காயத்திலிருந்தும் காக்கட்டும். செப்டம்பர் முடியும்வரை பேனாவிலிருந்தும் காக்கட்டும்.

உங்கள்
சகாயசெல்வி