கிழக்குத் தெருவின் செயின் தடம்

ஜனவரி 21, செவ்வாய்

கண்மாய்க் கரை வேலை முடிந்தது. வண்டியை ஏற்றிப்போக லாரி வரவில்லை. காத்திருக்கப் பொறுமையின்றி, மண் வெட்டும் என் செயின் வண்டியைக் கிழக்குத் தெரு வழியாகவே ஓட்டி வந்துவிட்டேன். தெருவே பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போயிருந்தது. போட்டு ஒரு மாசமான சிமெண்டு ரோடு. திரும்புகிற இடத்தில் இரும்புப் பட்டை கடித்து ஓரம் பெயர்ந்துவிட்டது.

பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் டாங்கிக்குச் செயின் மாட்டியவன் நான். இரும்புச் செயினில் ரப்பர் கட்டை மாட்டாமல் ரோட்டில் ஏற்றாதே என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். எங்கள் தெருவாக இருந்தால் ஏற்றியிருப்பேனா?

ஜனவரி 22

யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 23

கிழக்குத் தெரு இருளம்மாள் நாலு பேரோடு வந்தாள். "ஊர்ல ரெண்டு செயின் வண்டிதேன். ஒண்ணு உங்களுது, ஒண்ணு நெல்லறுக்க வந்த மிஷினு. எது ஏறுச்சுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கய்யா. பட்டாளத்துக்காரவுக பொய் சொல்ல மாட்டீக."

போய்க் குனிந்து பார்த்தேன். பார்க்க என்ன இருக்கிறது? அறுப்பு மிஷினின் ரப்பர் செயின் கறுப்பாகத் தேய்க்கும், வெட்டாது. இது நறுக்கென்று வெட்டியிருந்தது.

"ரப்பர்தான். அறுப்பு மிஷின்" என்றேன்.



ஜனவரி 24

அறுப்பு மிஷின் டிரைவர் கதிரவனிடம் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரன். "நான் அந்தத் தெருவுக்கே போகலைங்க" என்று என்னிடமும் வந்து சொன்னான். "பாப்போம்" என்றேன். சீ, நானெல்லாம் ஒரு மனுசன்.

என் மனைவி முத்துச்செல்விக்குத் தெரியும். "டாங்கிக்கு ரப்பர் நல்லதா, இரும்பு நல்லதான்னு கண்டவுககிட்டயும் மணிக்கணக்காப் பேசுவீக. இன்னைக்கு ஒரு வார்த்தை வரலையாக்கும்?"

ஜனவரி 26

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டிருந்தார்கள். கிழக்குத் தெரு மொத்தமும் வந்திருந்தது. கதிரவனும் ஓரமாக நின்றான். மெடல் நெஞ்சில் கனத்தது. கயிற்றைத் தொடவில்லை.

"அது இரும்புத் தடம். என் வண்டி. அந்தப் பையன் சாவியைக் கொடுத்துருங்க."

"அப்ப அன்னைக்குப் பொய்யா சொன்னீக?" என்றாள் இருளம்மாள்.

"ஆமா."

வேறு யாரோ கொடியேற்றினார்கள். யாரென்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பெயர்ந்த ஓரத்துக்கு நானே சிமெண்டு குழைத்துப் பூசினேன். தெருக்காரர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். பிறகு இருளம்மாள் கொத்துக் கரண்டியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"சிவபாண்டி, சட்டிய இங்கன தள்ளும்."

இத்தனை வருஷத்தில் அவள் என் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. தள்ளினேன்.