ஸ்பிரேயர் கழுவுகிற மூலை

மார்ச் 4
பூச்சிமருந்து கலந்து வைத்த காட்டு மண் ஜாடிகளை அளந்தேன். பதினான்கு நாளாகியும் மருந்து நூறில் தொண்ணூற்றாறு பங்கு அப்படியே இருக்கிறது. பூச்சிமருந்து வாசனையே படாத மண்ணில் அதைத் தின்னும் பாக்டீரியா எப்படி இருக்கும்? தலைபாடாக அடித்துக்கொண்டேன். எங்கள் இயக்குநருக்கோ மரமும் பனியும் தெரிகிற புகைப்படம் வேண்டும். "இயற்கைகிட்ட இல்லாததாம்மா?" என்றார். இயற்கைக்குச் சொந்த மாமா மாதிரிதான் பேசுவார்.

மாத முடிவுக்குள் ஒரு மண்ணாவது தின்று காட்டாவிட்டால் ஆய்வை மூடிவிடுவார்கள். என் வேலையும் போகும்.

மார்ச் 7
அண்ணி போன் செய்தார். காய்கறித் தோட்டம் வைத்திருக்கிற அண்ணன் பூச்சிமருந்துக் கடையில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறானாம். "ரெண்டு தடவை வேருக்கு ஊத்தியாச்சு. புழு ஜம்முனு இருக்கு. கலப்படம்னு குதிக்கிறார் உங்கண்ணன்."

சிரித்தேன். எங்கள் ஜாடியில் இருக்கிற அதே மருந்தை ஒன்பது வருடமாகக் குடம் குடமாக ஊற்றியவனுக்கு இப்போதுதான் சந்தேகம் வருகிறது. நாங்கள் பேசி மூன்று வருடம். விருந்தாளிகள் முன்னால், "நீ விக்கிறது காய் இல்ல, விஷம்" என்று சொல்லிவிட்டேன். உண்மையைத்தானே சொன்னேன்?

மார்ச் 8
இன்னொரு காட்டுக்குப் போகலாமாம். இயக்குநர் புது ஷூ வாங்கியிருக்கிறார்.

மார்ச் 11
ஜாடி கழுவிக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. கடைக்காரர் கலப்படமே செய்யவில்லை என்றால்? மருந்து புழுவிடம் போய்ச் சேருமுன் மண்ணுக்குள்ளேயே ஏதோ அதைத் தின்றுவிடுகிறது என்றால்? ஒன்பது வருடம் வேளாவேளைக்கு ஊட்டி வளர்த்திருக்கிறானே அண்ணன்.

அண்ணி சொல்லி நாலு நாளாச்சு. நான் சிரிச்சேன். பெரிய மேதாவி, சிரிச்சேன். இப்ப அவன்கிட்டயே போய் நிக்கணுமா? வேற தோட்டமே இல்லையா எனக்கு?

மார்ச் 12
போனேன். "என்ன, சோதனை பண்ண வந்தியா? விஷம்னு எழுதிக்கோ" என்றான்.

ஒரு டப்பா மண் கேட்டேன். நல்ல பாத்தியாகப் பார்த்துக் காட்டினான். "அது வேணாம். நீ ஸ்பிரேயர் கழுவுற மூலையில எடுத்துக்கறேன்."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டான். மருந்து அதிகம் குடித்த மண் அதுதான் என்று விளக்கியிருக்கலாம். பலிக்காவிட்டால் சிரிப்பானே என்று வாயை மூடிக்கொண்டேன். அவனே குனிந்து தோண்டிக் கொடுத்தான்.

மார்ச் 18
அண்ணன் மண்ணில் பாதியை ஆவியில் அவித்து நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டு, இரண்டு பாதியிலும் மருந்து கலந்து வைத்திருந்தேன். அவித்ததில் மருந்து குறையவே இல்லை. அவிக்காத பாதியில் ஐந்தே நாளில் நூற்றுக்குப் பதினொன்றுதான் மிச்சம்.

மூன்று தடவை அளந்தேன். அழுகை வந்தது.

மார்ச் 19
ஆய்வுக்கு இன்னும் ஒரு வருடம் கிடைக்குமாம். "பாத்தியா, இயற்கை கைவிடாதுன்னேனே" என்கிறார் இயக்குநர். அறிக்கை அட்டையில் காட்டுப் படமே இருக்கட்டுமாம். மூலை மண் பார்க்க அழகாக இல்லையாம்.

மார்ச் 20
அண்ணனிடம் போனில் சொன்னேன்.

"அப்ப நான் ஊத்தினது நல்லதுங்கறியா?"

"விஷம்தான். ஆனா உன் மண்ணு அதைத் தின்னக் கத்துக்கிச்சு. அண்ணா, அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"பசங்க அந்த மண்ணுலதான் விளையாடுறாங்க" என்றான். "அதை வெச்சுத் தோட்டம் பூரா சுத்தம் பண்ண முடியுமா?"

தெரியாது என்றேன். முயற்சி செய்கிறேன் என்றேன்.

மார்ச் 29
அறிக்கையில் 'மண் எடுத்த இடம்' என்ற கட்டத்தில் 'அண்ணன் தோட்டம்' என்று எழுதினேன். இயக்குநர் அதைக் கோடு போட்டு அடித்தார். திரும்ப எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறான். பயப்பட வேண்டாமாம், எனக்காகக் காயைக் கடையில் வாங்கிவிட்டானாம். கடைக் காய் மட்டும் மருந்து குடிக்காமலா வளர்ந்தது?

வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும்.